பார்சல் கோழி

வண்டன்மேட்டில் நான் நடத்திய சுட்டகோழிக் கடையில், மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அன்றைக்குச் சுட்ட கோழியைப் போட்டேன். பார்சல் வாங்கிப்போனவர்களுக்கு முந்தின நாள் மிஞ்சியதைச் சூடுபண்ணிக் கட்டிக்கொடுத்தேன். கைதவறி நடந்த காரியம் இல்லை இது. தெரிந்தே, கணக்குப் பார்த்தே, சில மாதங்கள் செய்தேன். பார்சல் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கம்பம், புதுப்பட்டி, உத்தமபாளையம் பக்கமிருந்து ஜீப்பில் வந்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள். என்னைப் பெற்றவளும் அப்படி ஜீப்பில் வந்துபோனவள்தான். எந்த அதிகாரியும் என்னைப் பிடிக்கவில்லை; யாரும் புகார் எழுதவில்லை. நானாகச் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு கடையைத் தொடங்கினேன். அதற்கு முன் ஷார்ஜாவில் ஒரு ஹோட்டலில் கிரில் மாஸ்டருக்குக் கையாளாகச் சேர்ந்து, போகப்போக நானே மாஸ்டர் ஆகியிருந்தேன். கோழியை முதுகில் வகுந்து தட்டையாக விரித்து, தயிர், எலுமிச்சை, பூண்டு, மல்லி, சீரகம், மிளகு அரைத்துப் பூசி ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் கம்பிவலைக்குள் இறுக்கிக் கரிக்கனலில் திருப்பித் திருப்பிச் சுடுவது அல்ஃபஹாம். வளைகுடாவுக்குப் போய்வந்த மலையாளிகளோடு வந்த பண்டம் அது. இன்று கேரளத்தில் அது விற்காத முக்கு இல்லை. எங்கள் மலையில் ஆனி தொடங்கி மழையும் மூடுபனியும். வேலை முடித்து நனைந்து வருகிறவர்களுக்குக் கரியடுப்பின் சூடும் கோழி வாசமும் போதும், கால் தானாக நிற்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பொய்க்கவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை வட்டத்தில் இருக்கிற ஏலக்காய் ஊர் வண்டன்மேடு. பக்கத்துப் புற்றடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் அதேபோல் ஏலம் நடக்கும். இந்தியாவின் ஏலக்காய் விலை இந்த இரண்டு ஊர்களில்தான் பேசி முடிவாகிறது. தோட்டங்கள் பெரும்பாலும் மலையாளிகள் கையில். காய் எடுப்பவர்களில் பெரும்பகுதி தமிழ்ப் பெண்கள். பொழுது விடியுமுன் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகள் கிளம்பி, கம்பம்மெட்டு ஏறி, தோட்டம் தோட்டமாக ஆட்களை இறக்கிவிடும். சாயங்காலம் அதே ஜீப்புகள் அள்ளிக்கொண்டு இறங்கும். ஏலச்செடியின் காய் தூரில், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்கவேண்டும். ஈரத்தில் அட்டை ஏறும். இந்த வேலையை முடித்துவிட்டு வருகிற ஒருத்தி, வாரக்கூலி வாங்கிய அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு கால் கோழி வாங்கிப்போக என் கடையில் இறங்குவாள்.

அவர்களை நான் சம்பாதித்த விதத்தை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அதில் என் தொழில் தெரிந்த புத்தி இருந்தது. பின்னால் நான் அழித்தது எதை என்பதும் அதில்தான் விளங்கும்.

முதலில் ஜீப் டிரைவர்கள். எந்தக் கடையில் நிறுத்துவது என்று முடிவு செய்வது டிரைவர். நிறுத்துகிற டிரைவருக்கு டீயும் கால் கோழியும் இலவசம் என்று சொல்லிவைத்தேன். நெடுஞ்சாலை ஹோட்டல்கள் பஸ் டிரைவருக்குச் செய்கிற வழக்கம்தான். அடுத்தது பற்று நோட்டு. மழையில் வேலை நின்ற வாரங்களில் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு பார்சல் கொடுத்தேன்; ஒருத்தி பாக்கி வைத்துவிட்டுப் போனதாக எனக்கு நினைவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிதாக வேலை செய்தது கடைக்குப் பின்னால் கட்டிய கக்கூஸ். தோட்டங்களில் பெண்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. காலையிலிருந்து அடக்கிக்கொண்டே வேலை செய்வார்கள், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இது என் அம்மா வழியாக எனக்குத் தெரியும். நீர்க்கடுப்பில் அவள் பட்ட பாட்டைப் பார்த்தே வளர்ந்தேன். தாழ்ப்பாளும் பக்கெட்டும் நிறைந்த தண்ணீரும் உள்ள ஒரு சுத்தமான கக்கூஸ் ரோட்டோரத்தில் இருக்கிறது, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் போகலாம் என்ற செய்தி ஜீப்புக்கு ஜீப் பரவியது. டிரைவர் வேறு கடையில் நிறுத்தப் பார்த்தாலும் உள்ளே இருந்து பெண்கள் சத்தம் போட்டு என் கடைக்கு வரவைத்தார்கள். ஆறேழு மாதத்தில் சாயங்கால வியாபாரம் முழுக்க அவர்கள் தயவில் ஓடியது. விளம்பரம் என்று ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை.

அப்புறம் 2019 வந்தது. வெள்ளத்தில் அழிந்த செடிகள் போக மிஞ்சியதை அடுத்த கோடை வறட்சி தின்றிருந்தது. காய் இல்லை, விலை ஏறியது. ஆகஸ்டு தொடக்கத்தில் புற்றடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதுவரை யாரும் கேள்விப்படாத விலை. காய் வைத்திருந்தவர்கள் கையில் பணம் புரண்டது. ஏலத்துக்கு வரும் வியாபாரிகள், ஏஜெண்டுகள், புதிதாகக் கார் வாங்கிய தோட்டக்காரர்கள், தேக்கடிக்கும் ராமக்கல்மேட்டுக்கும் போகிற சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு கடைக்கு வந்து முழுக்கோழியாக ஆர்டர் செய்தார்கள். ஒரு மேசையில் ஒரு ராத்திரியில் வருகிற பணம் ஒரு ஜீப் முழுக்க ஆட்கள் கொடுக்கும் பணத்தைத் தாண்டியது. எனக்குப் புத்தி மாறியது அப்போதுதான்.

கடன் வாங்கிக் கடையைப் புதுப்பித்தேன். கண்ணாடி, சோபா, வண்ண விளக்கு. பார்சலுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் போட்டு, வேலைக்காரப் பெண்கள் முன்வாசலுக்கு வராதபடி செய்தேன். ஈரத்துணியும் சேறு அப்பிய காலுமாக அவர்கள் நிற்பது குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அசௌகரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தக் குடும்பமும் அப்படி என்னிடம் சொன்னதில்லை. அது என் மனசில் இருந்த அழுக்கு. கக்கூஸைப் பூட்டிச் சாவியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் கேட்டால் கொடுப்பேன். மற்றவர்கள் கேட்டால் "தண்ணி இல்லக்கா" என்று பையனைச் சொல்லச் சொன்னேன். மாதக்கணக்கில் மழை பெய்கிற ஊரில் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு அவர்கள் பேசாமல் திரும்பிப் போனார்கள்.

கோழி விஷயம் இதற்குப் பிறகு வந்தது. கக்கூஸைப் பூட்டாத நான் அதைச் செய்திருக்க மாட்டேன் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஒருத்தரை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்ட பிறகு மற்றதெல்லாம் லேசாகிவிடுகிறது.

சுட்டகோழிக் கடையின் தலைவலி மிச்சம். ஊறவைக்க ராத்திரி முழுக்க வேண்டும் என்பதால் நாளைக்கு எத்தனை கோழி போகும் என்று இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். மசாலா பூசிய கோழியை வேறு எதற்கும் விற்க முடியாது. சாயங்காலக் கூட்டத்தை எதிர்பார்த்துப் பாதி வேக்காட்டில் சுட்டும் வைத்துக்கொள்வோம், கேட்டதும் சீக்கிரம் கொடுக்கலாம் என்று. மழையில் எங்கேயாவது மண் சரிந்து ரோடு அடைத்தால் அத்தனையும் நிற்கும். தொடக்கத்தில் மிஞ்சியதைப் பையன்கள் சாப்பிடுவார்கள், மீதியைக் கொட்டுவேன். ஷார்ஜாவில் எங்கள் முதலாளி தலசேரிக்காரர். ராத்திரி கடை மூடும்போது மிஞ்சிய கோழியை அவர் கண் முன்னால் குப்பையில் போடவேண்டும். முனிசிபாலிட்டி ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பிரிட்ஜைத் திறப்பார் என்ற பயம் அங்கே எல்லாருக்கும் உண்டு. ஊருக்கு வந்ததும் எனக்கு அந்தப் பயம் விட்டுப்போனது. அந்தப் பயத்தைத்தான் நான் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடன் தவணை தொடங்கிய மாதம், ஒரு மழை ராத்திரியில், மிஞ்சிய கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லாக் கணக்கு தலையில் ஓடியது. பிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் தடவி, எரிகிற கனலில் தோல் கருகுமட்டும் காட்டி, மேலே காந்தாரி மிளகாய் அரைத்த மசாலாவைக் கனமாகப் பூசினேன். காந்தாரி சுருக்கென்று உறைக்கும். பழைய கறியின் வாடையும் நெஞ்சுக்கறியின் வறட்சியும் அதில் மறைந்துபோகும். மேசையில் வைத்துப் பிய்த்துச் சாப்பிட்டால் கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறிப்போனதைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. ஆகவே பார்சலுக்கு. ஆகவே ஜீப்புக்கு. முதல் நாள் கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நான் செய்தது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தொழில் செய்கிறவர்களுக்காக விரிவாகவே சொல்லவேண்டும். சமைத்த கறி 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்கவேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்; தோதான சூட்டில் சில வகை இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். கோழியின் உள்ளே, எலும்பை ஒட்டிய இடத்தில், 74 டிகிரி வந்தால்தான் வெந்தது என்று அர்த்தம். வெளியே கருகவிட்டால் உள்ளே வெந்துவிட்டது போலத் தோன்றும். சூடு உள்ளே போயிருக்காது. நான் மறுநாள் செய்தது அந்த வெளிக்கருகல் மட்டுமே. உள்ளேவரை சூடாக்கியிருந்தாலும் முழுக்கத் தப்ப முடியாது. சமைக்கிறவனின் கையிலும் மூக்கிலும் இருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் கறியில் விழுந்து பெருகினால் ஒரு நச்சை விட்டுவைக்கும். கிருமி செத்தாலும் அந்த நச்சு சூட்டுக்கு அழியாது. இதோடு மயோனைஸ். பச்சை முட்டையும் எண்ணெயும் பூண்டும் மிக்சியில் அடித்துக் காலையிலேயே ஒரு வாளியில் வைத்துவிடுவோம். அது நாள் முழுக்க மேடையில்தான் இருக்கும். அதை ஒரு சின்னக் கவரில் கட்டிச் சூடான கோழியோடு ஒரே பையில் போட்டுக் கொடுப்போம். அந்தப் பை ஜீப்பில் மலை இறங்கி, வீடு போய், ஆள் குளித்து, பிள்ளைகளை எழுப்பி உட்காரவைக்கும்போது மூன்று நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள்தான் சாப்பிடப்போகிறார்கள் என்பதும் தெரியும். அவர்கள் சொல்லித்தானே வாங்குவார்கள்.

ஒரு நாள் புதுப்பட்டி அக்கா ஒருத்தி ஜன்னலுக்கு வந்தாள். கடை தொடங்கிய வாரத்திலிருந்து வருகிறவள், பற்று நோட்டில் முதல் பக்கத்தில் பேர் உள்ளவள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"தம்பி, போன வாரம் வாங்கிட்டுப் போன கறி நேத்தையதாப்பா?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க, அன்னைக்குச் சுட்டதுதான்."

"சின்னவனுக்கு ராவெல்லாம் வாந்தியும் வயித்தாலையும். ஆசுபத்திரியில ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனாக."

நான் உடனே சொன்னேன்: "வேற எதுவும் சாப்பிட்டிருப்பான்க்கா. மழைத்தண்ணி கலந்திருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவளும் அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

அந்தக் குழந்தைக்கு என் கோழியால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. இந்தச் சந்தேகத்தின் பலனை எனக்கு நானே கொடுத்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினேன். ஆனால் பொய் சொன்னது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. அன்றைக்கே "ஆமாக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்திருந்தால் ஒருவேளை அவள் திட்டியிருப்பாள். திட்டுகிற வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டு. "சரிப்பா" என்று போகிறவரை யாராலும் கொண்டுவர முடியாது.

அவள் ஊரைக் கூட்டவில்லை. நோட்டிஸ் ஒட்டவில்லை. ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொல்லியிருப்பாள், அவ்வளவுதான். ஒரு ஜீப் நிற்கவில்லை, பிறகு இன்னொன்று. டிரைவர்களுக்கு இலவசம் இன்னும் இருந்தது. ஆனால் பெண்கள் இறங்க மாட்டேன் என்றால் டிரைவர் தனியாக நிறுத்திச் சாப்பிட முடியாது. எங்கள் கடையைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக் கை காட்டிவிட்டுப் போனார்கள். நான் மேசைகள் நிரம்பியிருந்த மிதப்பில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வியாபாரத்தில் லாபம் குறைவு, போனால் போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னது கூட நினைவிருக்கிறது.

கார்த்திகை பிறந்தது. சபரிமலைக் காலத்தில் குமுளி நெரிசலைக் குறைக்கத் தமிழ்நாட்டிலிருந்து போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு, கட்டப்பனை வழியாகத் திருப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்துச் சாலைகளில் மாலை போட்டவர்களின் வண்டி வரிசையாகப் போகும். அவர்கள் கறிக்கடைப் பக்கம் திரும்பமாட்டார்கள். உள்ளூரிலும் விரதம் இருப்பவர்கள் உண்டு. முந்தின வருடம் அந்த மாதங்களில் என்னைத் தாங்கியது காயெடுப்பு ஆட்கள். அது காய் பறிப்பு மும்முரமாக நடக்கிற காலம். ஜீப்புகள் கூடுதலாக வரும். 2019 கார்த்திகையில் ஜீப்புகள் அதேபோல் வந்தன, என் கடையைத் தாண்டிப் போயின. அடுத்த முக்கில், தார்ப்பாய் கட்டிய ஒரு பரோட்டாக் கடையில் நின்றன. அந்தக் கடைக்காரர் கோழி சுடத் தெரியாதவர். பொரித்த கறியும் பரோட்டாவும்தான் போடுவார். கூட்டம் வரத் தொடங்கியதும் அவர் முதலில் செய்தது, பக்கத்தில் தகரம் அடித்து ஒரு கக்கூஸ் கட்டியது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. எல்லை மூடியது, சுற்றுலா நின்றது, ஏலம் நின்றது. பிறகு கேரளத்தில் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். பார்சலுக்கு என்னிடம் ஆள் இல்லை. சோபாவும் கண்ணாடியும் வண்ண விளக்கும் சும்மா கிடந்தன. பாஸ் வாங்கிக்கொண்டு ஜீப்புகள் திரும்பவும் வரத் தொடங்கியபோதும் அவை பழையபடி பரோட்டாக் கடையில்தான் நின்றன. ஏலக்காய் விலையும் இறங்கிக்கொண்டே போய் 2022-இல் சராசரி ஆயிரம் ரூபாய்க்குக் கீழே வந்தது. முழுக்கோழி கேட்ட மேசைக்காரர்களும் கால் கோழிக்கு வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் விலை நன்றாக இருக்கும்போது வருகிறவர்கள், அது அவர்கள் வாழ்க்கை. மழையோ வெயிலோ விலை ஏறினாலோ இறங்கினாலோ வாரத்துக்கு ஒரு கால் கோழி வாங்கியவர்கள் வேறு ஆட்கள். கடனை அடைக்கச் சாமான்களை விற்றேன்.

நஷ்டத்தைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நஷ்டம் வராமல் இருந்திருந்தால் நான் இன்னும் அதையே செய்துகொண்டிருப்பேன் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

2022 மே முதல் தேதி காசர்கோடு செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஷிகெல்லா கிருமி என்று சோதனையில் தெரிந்தது. டீக்கடை டிவியில் அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ரோட்டோரத்தில் நின்றேன். 2023 ஜனவரி தொடக்கத்தில் கோட்டயம் மருத்துவக் கல்லூரியின் செவிலியர் ஒருவர் இறந்தார். அவர் சாப்பிட்டது அல்ஃபஹாம். என் கையால் செய்த அதே பண்டம். அதே ஆண்டு செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பதினான்கு வயதுப் பெண். மூன்று சாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மூன்றிலும் அடுப்புக்குப் பின்னால் என்னென்ன நடந்திருக்கலாம் என்று என்னால் ஊகிக்க முடிந்தது, ஏனென்றால் நான் அங்கே நின்றிருக்கிறேன்.

கோட்டயம் சாவுக்குப் பிறகு கேரள அரசு பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தடைசெய்தது. பார்சல்மேல் சமைத்த தேதியும் நேரமும் எத்தனை மணிக்குள் சாப்பிடவேண்டும் என்பதும் ஒட்டியிருக்கவேண்டும் என்றும் உத்தரவு வந்தது. உணவைத் தொடுகிற எல்லாருக்கும் சுகாதார அட்டை வேண்டும் என்றார்கள். தமிழ்நாடு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸை ஒரு வருடத்துக்குத் தடைசெய்தது. ஹோட்டல்காரர்கள் பலர் இதையெல்லாம் தொல்லை என்று பேசிக்கொண்டார்கள். நான் அவர்களோடு சேரவில்லை. பார்சல்மேல் ஒட்டும் அந்தத் துண்டுக் காகிதம் 2019-இல் கட்டாயமாக இருந்திருந்தால், முந்தின நாள் தேதியை எழுத எனக்குக் கை வந்திருக்காது. பொய்த் தேதி எழுதினால் அது கையெழுத்தோடு சாட்சியாக நிற்கும். என்னைப் போன்ற ஆட்களுக்காகத்தான் அந்தச் சட்டம்.

இதே தொழிலை மானமாகச் செய்கிறவர்கள் மிச்சத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ஃபிராங்க்ளின் பார்பிக்யூ என்று ஒரு கடை, 2009-இல் ஒரு டிரெய்லர் வண்டியில் தொடங்கியது. அன்றைக்குச் சுட்டது தீர்ந்தால் கடையை மூடிவிடுவார்கள். கிடைக்காமல் போகுமே என்று ஜனங்கள் காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். குறைவாகச் சுட்டால் வியாபாரம் போய்விடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அங்கே தீர்ந்துபோவதே பேராகியிருக்கிறது. நம் நாட்டில் 2006-இல் தொடங்கிய பார்பிக்யூ நேஷன், சாப்பிட்டுப் போனவர்களைப் பிறகு போனில் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று கேட்கும் வழக்கம் வைத்திருக்கிறது. என்னிடம் ஒருத்தி ஜன்னலுக்கே வந்து, கேட்காமலே சொன்னாள். அதைக் காது கொடுத்துக் கேட்க எனக்கு மனசில்லை.

இப்போது அதே ரோட்டில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கொஞ்சம் கோழிதான் ஊறவைக்கிறேன், தீர்ந்தால் அடுப்பை அணைக்கிறேன். மிஞ்சியதை ராத்திரியே புதைக்கிறேன். மயோனைஸ் செய்வதில்லை, பூண்டுச் சட்னி கொடுக்கிறேன். பார்சல்மேல் நேரம் எழுதுகிறேன். உட்காருகிறவர்களுக்கும் பார்சலுக்கும் ஒரே வாசல். இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக இல்லை; முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கவேண்டும். உள்ளூர்க்காரர்கள் வருகிறார்கள். பழைய ஜீப்புகள் பெரும்பாலும் நிற்பதில்லை.

நடந்ததை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது பழைய ஜீப் டிரைவர் ஒருவரிடம். பெட்ரோல் பங்கில் பார்த்து, ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப எனக்கு ஓசியில கட்டிக் குடுத்தீகளேண்ணே, அதுவும் அதானா?"

ஆமாம் என்றேன். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அந்த அக்கா இப்ப மலைக்கு வர்றதில்ல. மொழங்கால் போச்சு. பையன் பாலிடெக்னிக் படிக்கிறான்" என்றார். பையன் நன்றாக இருக்கிறான் என்று கேட்டதில் எனக்கு வந்த நிம்மதியை அவரிடம் காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அக்காவின் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். போய் உண்மையைச் சொல்லி, அன்றைய ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு வந்தேன். பணத்தை வாங்கிக்கொண்டாள். மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் ஜீப்பிலோ பஸ்ஸிலோ போகிற வழியில் பிள்ளைகளுக்குக் கறி வாங்கிப்போகிறவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மணிக்குச் சுட்டது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பார்சல்மேல் நேரம் எழுதித் தரச் சொல்லுங்கள். கேரளத்தில் அது உங்கள் உரிமை. அடுப்பில் இருப்பதைக் காட்டி அதிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். சுட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது என்றால் அன்றைக்கு வாங்காதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தால், அந்தக் கடையில் வாங்காதீர்கள்.